மின்சாரக் கடையில் என்ன விற்கிறார்கள்?

அரிசிக் கடையில் அரிசி இருக்கும். புடைவைக் கடையில் புடைவை இருக்கும். மின்சாரக் கடை என ஒன்று இருக்குமாயின் அங்கே என்ன இருக்கும்? சாக்கிலே கட்டி வைக்க இயலாது. முழம் போட்டு அளக்கவும் இயலாது. உண்டான கணத்திலேயே செலவாகிவிடுகின்ற ஒரு பொருளைச் சில்லறையாக விற்பது எங்ஙனம்? இது விளையாட்டுக்குக் கேட்கும் கேள்வியன்று. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இத்தகைய கடைகள் நூற்றுக்கு மேற்பட்டவை உள. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவை வியாபாரம் செய்து வருகின்றன. 2021ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்து உறைபனியில் அவ்வியாபாரத்தின் கணக்கு உலகெங்கும் பேசப்பட்டது. சிலருடைய வீடுகளில் சில நாள் மின்சாரத்துக்கு ஆயிரக்கணக்கான டொலர் கட்டணம் விழுந்தது. அஃது எவ்வாறு நேர்ந்தது என்பதை வாசகர்களுக்கு எடுத்துக் கூறவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நாம் பழகிய வழக்கம் வேறு. மானி வாசிப்பவர் படலையைத் திறந்துகொண்டு வருவார், இலக்கத்தைப் பார்ப்பார், பட்டியலைத் தந்துவிட்டுப் போவார். கட்டணம் உயர்ந்தால் முணுமுணுப்போம். அடுத்த தெருவில் மலிவாக விற்கிறார்கள், அங்கே வாங்குவோம் என்னும் எண்ணம் நமக்கு எழுவதில்லை, எழுந்தாலும் பயனில்லை. டெக்சாஸிலும் முன்னர் இவ்வாறே இருந்தது. 1999ஆம் ஆண்டு அம்மாநிலச் சட்டசபை ஒரு சட்டம் இயற்றியது. அக்காலத்தில் ஆளுநராக இருந்தவர், பின்னாளில் ஜனாதிபதியான ஜோர்ஜ் புஷ். அச்சட்டத்தின்படி 2002 ஜனவரி 1ஆம் நாள் சில்லறை மின்சந்தை திறக்கப்பட்டது.

ஒரே கம்பனியின் கையில் இருந்த தொழில் மூன்றாகப் பிரிந்தது. மின்சாரத்தைப் பிறப்பிப்பவர் ஒருவர். கம்பமும் கம்பியும் மானியும் உடையவர் இன்னொருவர். டலஸ் பகுதியில் ஒன்கோர், ஹூஸ்டன் பகுதியில் சென்ரர்பொயின்ற் என்னும் கம்பனிகள் இவ்வகையின. ஒரு தெருவில் இரண்டு கம்பிவரிசை போடுவது வீண்செலவு ஆதலின், இவர்களுக்குப் போட்டி கிடையாது. இவர்கள் பெறும் கூலியை அரசு நிர்ணயிக்கும். மூன்றாமவரே கடைக்காரர். அவரிடம் மின்நிலையம் இருக்கவேண்டியதில்லை, கம்பியும் இல்லை. மொத்தச் சந்தையில் வாங்குகிறார், வீடுகளுக்கு விற்கிறார், பட்டியல் அனுப்புகிறார். ஒஸ்ரின், சான் அன்ரோனியோ போன்ற நகரங்கள் மாநகரசபையே மின்சாரம் வழங்கும் பழைய முறையைக் கைவிடவில்லை. கிராமப்புறக் கூட்டுறவுச் சங்கங்களிற் பெரும்பாலானவையும் அவ்வாறே.

இங்கே கூர்ந்து நோக்கவேண்டிய ஒன்று உண்டு. அடுத்தடுத்த இரு வீட்டார் வெவ்வேறு கடைகளில் மின்சாரம் வாங்கினாலும், இரு வீட்டுக்கும் வருவது ஒரே கம்பியில் ஓடும் ஒரே மின்சாரம். மலிவான கடையின் மின்சாரத்தில் விளக்கு மங்கலாக எரிவதில்லை. மின்வெட்டு வந்தால் இரு வீடும் ஒன்றாகவே இருளும். அப்படியாயின் கடைக்காரர் உண்மையில் விற்பது யாது? இக்கட்டுரை முழுவதும் இக்கேள்வியையே பின்தொடர்ந்து செல்கிறது.

பதினேழு இலக்கமும் கால்மணிக் கணக்கும்

கடை இல்லாத கடைத்தெருவுக்கு ஒரு கணக்கப்பிள்ளை வேண்டும். டெக்சாஸில் அப்பணியைச் செய்வது, எர்கொட் எனச் சுருக்கமாக வழங்கும் மின் நம்பகத்தன்மைச் சபை. 1970இல் தோன்றிய இச்சபை, மாநிலத்தின் மின்தேவையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை ஆளும் மின்வலையமைப்பை இயக்குகிறது. மின்நிலையங்களுக்குக் கட்டளையிடுவது போலவே, எந்த வீடு எந்தக் கடையின் வாடிக்கை என்னும் பேரேட்டை வைத்திருப்பதும் இதன் கடமை. ஒவ்வோர் இணைப்புக்கும் 17 அல்லது 22 இலக்கம் கொண்ட ஓர் எண் உண்டு. எண் குறிப்பது வீட்டை, ஆளை அன்று. குடியிருப்பவர் மாறுவார், கடை மாறும், எண் மாறாது.

ஒருவர் கடையை மாற்ற விரும்பினால் புதிய கடைக்குத் தெரிவித்தாற் போதும். அக்கடை எர்கொட்டுக்கு ஒரு செய்தி அனுப்பும். எர்கொட் பழைய கடைக்கும் கம்பிக் கம்பனிக்கும் அறிவிக்கும். இச்செய்திகளுக்கெல்லாம் வரையறுத்த அமைப்பும் இலக்கமும் உண்டு. 814 என்று தொடங்குவது வாடிக்கை சேர்ப்பதும் விலக்குவதும் பற்றியது. 867 என்பது மானி வாசிப்பு. 810 என்பது கம்பிக் கூலிக்கான பட்டியல். கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் இத்தந்திமொழியில் ஓர் இலக்கம் பிசகினாலும் வம்பு வந்துவிடும். தொடர்மாடி ஒன்றில் 12ஆம் வீட்டுக்குக் குடிவந்தவர் தம் விலாசத்தைச் சொல்கிறார். எழுதுபவர் 21ஆம் வீட்டின் எண்ணைப் பதிந்துவிடுகிறார். 21இல் இருப்பவர் ஏதுமறியாமலே வேறொரு கடையின் வாடிக்கையாளர் ஆகிவிடுகிறார்! கற்பனை என எண்ணவேண்டாம். இவ்வாறு நேர்வதற்குத் தனியே ஒரு பெயரும், வீட்டைப் பழைய கடைக்கே திருப்பிக் கொடுப்பதற்குத் தனியே விதிகளும் அங்கே உள்ளன. ‘கருதாமற் பெற்றது’ என்று அப்பெயரைத் தமிழ்ப்படுத்தலாம். கடைக்காரர் கருதவில்லை என்பது சரி. வீட்டுக்காரர் கருதவேயில்லை என்பதைப் பெயரிட்டவர் மறந்துவிட்டார் போலும்.

மானிகளும் மாறிவிட்டன. 2008ஆம் ஆண்டளவில் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் புதுவகை மானிகள் பொருத்தப்பட்டன. இன்று அவற்றின் தொகை 70 இலட்சத்துக்கும் அதிகம். இவை ஒவ்வொரு கால் மணிக்கும் செலவான மின்சாரத்தைத் தனித்தனியே குறிக்கின்றன. ஒரு நாளைக்கு 96 வாசிப்பு, முப்பது நாளைக்கு 2,880. முன்னர் மாதத்துக்கு ஒரு வாசிப்பே இருந்தது. எந்த வேளையில் எவ்வளவு என்பதை, ‘இத்தகைய வீடு சராசரியாக இவ்வாறு செலவழிக்கும்’ என்ற ஓர் அட்டவணையைக் கொண்டு ஊகித்தார்கள். இப்பொழுது ஊகத்துக்கு இடமில்லை. இரவு இரண்டரை மணிக்கு நீங்கள் குளிர்ப்பதனப் பொறியை ஓடவிட்டது ஏட்டில் இருக்கிறது.

இவ்வாசிப்புகளைக் கடைவாரியாகக் கூட்டி, அந்தந்தக் கால்மணியின் மொத்தச் சந்தை விலையாற் பெருக்கி, எந்தக் கடை எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று எர்கொட் கணக்கிடுகிறது. ஒருமுறை கணித்தால் முடிந்துவிடுவதில்லை. ஐந்தாம் நாள் முதற் கணக்கு. ஐம்பத்தைந்தாம் நாள் இறுதிக் கணக்கு. பிந்திவந்த வாசிப்புகளையும் சேர்த்து நூற்றெண்பதாம் நாள் ‘மெய்க்கணக்கு’. இறுதிக் கணக்குக்குப் பின்னரும் ஒரு கணக்கு இருப்பதைக் கண்டு நம் கணக்காசிரியர்கள் சிரிக்கலாம். ஆயினும் தவறு இருக்கும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு திருத்துவதற்கு நாள் குறித்து வைப்பது நாணயமான செயல் என்றே நாம் கருதுகிறோம்.

ஆயிரம் அலகின் மாயம்

இனி வீட்டுக்காரர் பக்கம் வருவோம். ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் கடைகளின் திட்டங்கள் வரிசையாகக் காணப்படும். ஒவ்வொரு திட்டத்துக்கும் ‘மின்சார விவரச் சீட்டு’ ஒன்று கட்டாயம். மாதம் 500, 1,000, 2,000 அலகு செலவழித்தால் ஓர் அலகுக்குச் சராசரி எத்தனை சதம் என அதில் அச்சிடவேண்டும். இது நல்ல விதி. எனினும் நல்ல விதியிலும் ஒரு துவாரம் கண்டுபிடிப்பவனே வியாபாரி!

நாமே ஓர் உதாரணம் அமைத்துக் காட்டுவோம். ஒரு கடை அலகுக்கு 15 சதம் அறவிடுகிறது. மாதச் செலவு 1,000 அலகை எட்டினால் 100 டொலர் கழிவு தருகிறது என்று கொள்வோம். 1,000 அலகுக்குக் கட்டணம் 150 டொலர். கழிவு போக 50. அலகு 5 சதம். சீட்டில் இந்த 5 சதம் கண்ணைப் பறிக்கும். 990 அலகு செலவழித்தவருக்குக் கழிவு கிடையாது. அவர் கொடுப்பது 148 டொலர் 50 சதம். பத்து அலகைச் சிக்கனஞ் செய்த பாவத்துக்கு ஏறக்குறைய நூறு டொலர் தண்டனை! மாத முடிவில் வெறுமனே விளக்கை எரியவிட்டு ஆயிரத்தைத் தொடுவதே அவருக்கு இலாபம். இவ்வகைத் திட்டங்கள் அங்கே உண்மையாகவே விற்பனையாகின்றன. இக்கணக்கை நாம் உயர்தர வகுப்பில் கரும்பலகையில் எழுதியபோது ஒரு மாணவன் எழுந்து, “சேர், விலை சைபருக்குக் கீழேயும் போகுமோ?” என்று வினவினான். குறும்பாகக் கேட்டானாயினும் கேள்வி சரியானதே. மேற்கு டெக்சாஸில் காற்று மிகுந்து வீசும் வேளைகளில் மொத்தச் சந்தை விலை சைபருக்குக் கீழே இறங்குவதுண்டு; மின்சாரத்தை எடுத்துக்கொள்பவருக்கு விற்பவரே பணம் கொடுக்கும் விந்தை அது. கோடை மாலையிலோ விலை பன்மடங்கு ஏறும்.

இவ்வாறு ஏறி இறங்கும் விலைக்கும், வீட்டுக்கு வரும் நிலையான விலைக்கும் நடுவே நிற்பவரே கடைக்காரர். சந்தையில் அலகு 3 சதமானாலும் 300 சதமானாலும், “உமக்கு இந்த ஆண்டு முழுவதும் 12 சதம்” என்று அவர் வாக்குக் கொடுக்கிறார். அந்த வாக்கைக் காப்பதற்காக முன்கூட்டியே கொள்வனவு ஒப்பந்தம் செய்கிறார், பிணைப்பணம் கட்டுகிறார், கணக்குப் பிழைத்தால் நட்டப்படுகிறார். நாம் முதலிற் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். மின்சாரக் கடையில் விற்கப்படுவது மின்சாரமன்று. விலையின் ஆபத்தை நான் சுமப்பேன் என்னும் வாக்கு.

அந்த வாக்கை விட்டுவிட்டு விற்றால் என்ன என்று ஒரு கம்பனி எண்ணியது. அதன் பெயர் கிரிடி. மாதம் 9 டொலர் 99 சதம் அங்கத்துவப் பணம். அதற்குமேல் சந்தை விலை எதுவோ அதுவே உமது விலை. நமக்கு இலாபமே வேண்டாம் என்றது. சாதாரண நாட்களில் மொத்தச் சந்தையில் ஓர் அலகு இரண்டு மூன்று சதத்துக்குக் கிடைக்குமாதலின், கம்பிக் கூலியைச் சேர்த்தாலும் பட்டியல் சிறிதாகவே வந்தது. ஏறத்தாழ 29,000 வாடிக்கையாளர் சேர்ந்தனர். கால்மணி வாசிக்கும் மானி இல்லையேல் இவ்வியாபாரமே நடந்திராது என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும்.

உறைந்துபோன நான்கு நாட்கள்

2021 பெப்ரவரி நடுப்பகுதியில் ஆர்க்டிக் குளிர் டெக்சாஸ் முழுவதையும் மூடியது. எரிவாயுக் கிணறுகள் உறைந்தன, மின்நிலையங்களின் குழாய்கள் உறைந்தன, காற்றாலைகள் நின்றன, அணுமின்நிலையம் ஒன்றின் உலையும் நீர்க்குழாய் உறைந்ததனால் நின்றது. பெப்ரவரி 15ஆம் நாள் அதிகாலை ஒன்றரை மணிக்கு முன்னரே மின்வெட்டுக் கட்டளை பிறந்தது. அமெரிக்க மின்சாரம் செக்கனுக்கு 60 தடவை அலையவேண்டும். அது 59.4க்குக் கீழே ஒன்பது நிமிடம் நின்றால் மின்நிலையங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே கழன்றுவிடும். மாநிலம் முழுவதும் இருளும். மீட்க வாரங்களும் ஆகலாம். அன்று நான்கு நிமிடத்துக்கு மேல் அவ்வாறு நின்று மீண்டது. உச்சக்கட்டத்தில் 20,000 மெகாவாற்று வெட்டப்பட்டது. 45 இலட்சத்துக்கும் அதிகமான வீடுகள் குளிரில் இருண்டு கிடந்தன. இறந்தோர் தொகை 246 என்பது மாநிலச் சுகாதாரத் திணைக்களத்தின் கணக்கு.

இத்துயரில் ஏட்டுக்கணக்கின் பங்கும் உண்டு. மின்நிலையத்துக்கு எரிவாயு தள்ளும் நிலையங்களிற் சில மின்சாரத்தினாலேயே இயங்குபவை. அவை ‘வெட்டக்கூடாதவை’ என்று பதியப்பட்டிருக்கவேண்டும். அதற்கென ஒரு விண்ணப்பப் படிவம் இருந்தது. பலர் நிரப்பிக் கொடுக்கவில்லை. ஆகவே கம்பிக் கம்பனி அறியாமல் அவற்றின் மின்சாரத்தையும் வெட்டியது. எரிவாயு நின்றது, எரிவாயு நிற்கவே இன்னும் சில மின்நிலையங்கள் நின்றன. நிரப்பாத ஒரு தாளின் விலையை இதைவிட யார் சொல்லமுடியும்?

விலையின் கதை வேறு. மின்வெட்டு நடந்துகொண்டிருக்கையில் சந்தை விலை உச்சத்துக்குக் கீழே இருந்தது. மக்களுக்குக் கொடுக்க மின்சாரமே இல்லாதபோது விலை உச்சத்தில் இருப்பதே முறை என்று ஆணைக்குழு அன்றைய தினமே கட்டளையிட்டது. உச்சம் என்பது மெகாவாற்று மணிக்கு 9,000 டொலர். வீட்டுக் கணக்கில் ஓர் அலகு 9 டொலர். மூன்று சதப் பொருள் தொள்ளாயிரம் சதம்! மின்வெட்டு 17ஆம் நாள் நள்ளிரவளவில் முடிந்தது. விலையோ 19ஆம் நாள் காலை ஒன்பது மணிவரை, இன்னும் ஏறத்தாழ 33 மணி நேரம், அங்கேயே நிறுத்திவைக்கப்பட்டது.

நிலையான விலைக்கு ஒப்பந்தஞ் செய்த வீடுகளில் இது அப்போது தெரியவில்லை. அடி கடைக்காரர்மேல் விழுந்தது. சில கடைகள் மூடப்பட்டன. கூட்டுறவுச் சங்கங்களுக்கு மொத்தமாக மின்சாரம் வழங்கிய பிராசோஸ் என்னும் பெரிய அமைப்பு மார்ச் 1ஆம் நாள் வங்குரோத்து நீதிமன்றம் சென்றது. கிரிடியின் வாடிக்கையாளர்மேலோ அடி நேராகவே விழுந்தது. வீட்டைச் சூடாக்க ஒரு நாளைக்கு 80 அலகு செலவழித்தவருக்கு அந்நாளின் கட்டணம் 720 டொலர். கம்பனி புயலுக்கு முன்னரே, “வேறு கடைக்குப் போய்விடுங்கள்” என்று தன் வாடிக்கையாளரை வேண்டியது என்பதையும் சொல்லவேண்டும். எனினும் அந்த வாரத்தில் புதியவரைச் சேர்க்க விரும்பிய கடைகள் எத்தனை? பலர் போக இடமின்றி நின்றனர். கட்டணம் அவர்களுடைய வங்கி அட்டைகளிலிருந்து உடனுக்குடன் கழிக்கப்பட்டது.

பெப்ரவரி 26ஆம் நாள் எர்கொட் கிரிடியைச் சந்தையிலிருந்து விலக்கியது. அதன் வாடிக்கையாளர் ஒரே நாளில் ‘இறுதிப் புகலிடக் கடைகள்’ எனப்படும் வேறு கம்பனிகளுக்கு மாற்றப்பட்டனர். ஒரு கடை மூடினால் எந்த வீட்டிலும் விளக்கு அணையக்கூடாது என்பதற்காக முன்னரே செய்துவைத்த ஏற்பாடு இது. இந்த இடத்தில் பேரேடு தன் வேலையைச் செவ்வனே செய்தது. மார்ச் நடுப்பகுதியில் கிரிடியும் வங்குரோத்தானது. மாநிலச் சட்டமா அதிபர் தொடுத்த வழக்கின் உடன்பாட்டின்படி, ஏறத்தாழ 24,000 பேரின் 2 கோடியே 90 இலட்சம் டொலர் நிலுவை தள்ளுபடி செய்யப்பட்டது.

அந்த 33 மணி நேரம் தகுமா தகாதா என்பது நெடுநாள் வழக்காயிற்று. சந்தையைக் கண்காணிக்கும் சுயாதீன அமைப்பு, அதனால் மிகையாக விதிக்கப்பட்ட தொகை 1,600 கோடி டொலர் என முதலிற் கணித்து, விலையைத் திருத்துமாறு கூறியது. ஆணைக்குழு இணங்கவில்லை. அதன் மூன்று அங்கத்தவரும் ஒருவர்பின் ஒருவராகப் பதவி விலகினர். 2024 ஜூன் மாதம் டெக்சாஸ் உயர்நீதிமன்றம், கட்டளையிட ஆணைக்குழுவுக்கு அதிகாரம் இருந்தது எனத் தீர்ப்பளித்தது. அதிகாரம் இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. இருளை நீக்கிய பின்னரும் இருட்டின் விலையை அறவிடுவது எந்த நியாயத்தில் சேரும் என்பது மட்டும் நமக்கு விளங்கவில்லை.

விதிகள் மாறின. 2021ஆம் ஆண்டிலேயே சட்டசபை, மொத்தச் சந்தை விலையை அப்படியே வீட்டின்மேல் ஏற்றும் திட்டங்களை வீடுகளுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் விற்கக்கூடாது எனத் தடை செய்தது. உச்ச விலை 2022 ஜனவரி முதல் 9,000இலிருந்து 5,000 டொலராகக் குறைந்தது. மின்நிலையங்கள் குளிருக்கேற்பக் காப்பிடப்படவேண்டும் என்றும், எரிவாயு வழங்கும் முக்கிய நிலையங்கள் பதியப்படவேண்டும் என்றும் சட்டம் வந்தது. எர்கொட்டின் ஆளுஞ்சபையும் மாற்றியமைக்கப்பட்டது. அதன் அங்கத்தவர் யாவரும் இனி டெக்சாஸ்வாசிகளாகவே இருக்கவேண்டும்.

வீட்டுக்காரரின் தெரிவுரிமையைச் சட்டம் பறித்துவிட்டது, எச்சரிக்கையாக இருப்பவர் சந்தை விலையில் இலாபம் பெற்றிருப்பார் என்று வாதிடுவோர் அங்கே உளர். சாதாரண நாட்களை மட்டும் எண்ணினால் அவர்கள் கூற்று மெய்யே. ஆனால் கால்மணிக்கொருமுறை விலையைப் பார்த்து அடுப்பை அணைக்கவும் மூட்டவும் எந்தக் குடும்பத்தால் முடியும்? கைக்குழந்தையும் கிழவரும் உள்ள வீட்டில், உறைபனி இரவில், சூடாக்கியை நிறுத்து என்று விலை சொன்னாற் கேட்கமுடியுமா? அந்த ஆபத்தைச் சுமக்க வல்லவன் வியாபாரி. அதற்காகவே அவனுக்கு இலாபம். சட்டசபை செய்தது சரியென்றே நாம் கொள்கிறோம்.

நிலையான விலை பேசியிருந்த வீடுகளும் முற்றாகத் தப்பவில்லை. கடைகள் தாங்கிய பெருஞ்சுமையின் ஒரு பகுதியை, ஏறத்தாழ 210 கோடி டொலரை, நெடுங்காலக் கடன்பத்திரங்களாக மாற்றச் சட்டம் இடங்கொடுத்தது. அக்கடன் சந்தையில் அறவிடப்படும் கட்டணத்திலிருந்து தீர்க்கப்படுகிறது. அதற்குச் சட்டம் அனுமதிக்கும் காலம் 30 ஆண்டு வரை.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லபொக் என்னும் நகரம், தன் மாநகரசபை மின்சாரத்தைப் பெற்றுவந்த வீடுகளையும் இச்சந்தையிற் சேர்த்தது. அதுவரை ஒரே பட்டியலை மட்டும் அறிந்திருந்த அந்நகரத்தார், ஜனவரியில் விவரச் சீட்டுகளை மேசையிற் பரப்பி, 500, 1,000, 2,000 என்ற மூன்று இலக்கங்களுக்குக் கீழே எழுதியிருந்த சதங்களை ஒப்பிட்டுப் பார்த்துக் கடை தெரிந்தனர். மார்ச் மாதத்தில் மானிகள் ஒவ்வொன்றாகப் புதிய கடைகளின் பேரேட்டுக்கு மாறின.